அவள் கூந்தலை விற்றாள். அவன் கடிகாரத்தை விற்றான்! ஒரு சிறுகதையில் ஒளிந்திருக்கும் உவமைகள்

1905-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 10-ந் தேதி. ஞாயிற்றுக்கிழமை.

அமெரிக்காவில், நியூயார்க் நகரத்து மக்கள் காலையில் பத்திரிகையைப் பிரித்தார்கள். "நியூயார்க் ஒர்ல்டு" என்பது அந்தப் பத்திரிகை. ஜோசப் புலிட்சர் நடத்தியது. லட்சக் கணக்கில் விற்றது. ஆலைத் தொழிலாளி வாங்கினார். கடைச் சிப்பந்தி வாங்கினார். பிழைப்புத் தேடி ஐரோப்பாவிலிருந்து கப்பல் ஏறி வந்து, அப்போதுதான் ஆங்கிலத்தை எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கியிருந்தவர்களும் வாங்கினார்கள்.

அன்றைய ஞாயிறு இதழில் ஒரு சிறுகதை வெளிவந்தது. கிறிஸ்துமஸ் பண்டிகைக்கு இன்னும் 15 நாள் இருந்தது. கதையும் கிறிஸ்துமஸ் கதைதான். எழுதியவர் ஓ. ஹென்றி.

ஆங்கிலத்தில் அந்தக் கதையின் பெயர் "தி கிப்ட் ஆப் தி மேஜாய்". தமிழில் சொன்னால், "ஞானியரின் பரிசு". நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. இன்னும் படிக்கிறார்கள். பள்ளிப் பிள்ளைகள் படிக்கிறார்கள், பாட்டிமார் படிக்கிறார்கள். கடைசியில் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்கள்.

ஆனால், இந்தக் கதையில் வரும் உவமைகளை வரிசையாக எடுத்து வைத்துப் பார்த்தவர்கள் எத்தனை பேர்? பார்த்தால், கதைக்குள் இன்னொரு கதை இருப்பது தெரியும்!

கதை இதுதான்

ஜிம் என்று ஒரு வாலிபன். வயது 22. அவன் மனைவி டெல்லா. வாரம் 8 டாலர் வாடகையில் ஒரு சின்னக் குடித்தனம். முன்பு ஜிம்முக்கு வாரம் 30 டாலர் வருமானம் வந்தது. இப்போது 20 டாலராகக் குறைந்துவிட்டது. அவனுக்குக் குளிருக்குப் போட நல்ல மேல்கோட்டு இல்லை. கையுறை இல்லை.

அந்த வீட்டில் பெருமைப்பட்டுக்கொள்ள இரண்டே பொருள்கள் இருந்தன.

ஒன்று, ஜிம்மின் தங்கக் கடிகாரம். பாட்டனார் வைத்திருந்து, தகப்பனாருக்கு வந்து, பிறகு அவனுக்கு வந்தது. சட்டைப் பையில் போட்டுக்கொள்ளும் கடிகாரம். அதற்குச் சங்கிலி இல்லை. ஒரு பழைய தோல் வார்தான் உண்டு. அதனால், மணி பார்க்க வேண்டுமானால் யாருக்கும் தெரியாமல் எடுத்துப் பார்ப்பான்.

இன்னொன்று, டெல்லாவின் கூந்தல். அவிழ்த்துவிட்டால் முழங்காலுக்குக் கீழே தொங்கும்.

மறுநாள் கிறிஸ்துமஸ். கணவனுக்குப் பரிசு வாங்க வேண்டும். மளிகைக்காரரிடமும், காய்கறிக்காரரிடமும், இறைச்சிக்காரரிடமும் பேரம் பேசிப் பேசி மாதக் கணக்கில் மிச்சம் பிடித்த காசை டெல்லா எண்ணினாள். 1 டாலர் 87 சென்ட். மூன்று தடவை எண்ணியும் அதே தொகைதான்!

அழுதாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு கண்ணாடி முன் நின்றாள். கூந்தலை அவிழ்த்துப் பார்த்தாள். மறுபடி முடிந்தாள். பழைய கோட்டை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கி ஓடினாள்.

அக்காலத்தில் அமெரிக்கப் பெண்கள் தலையைப் பெரிதாகச் சிங்காரித்துக்கொள்ளச் சவுரி வைத்துக்கொள்வார்கள். ஆகவே, முடிக்கு நல்ல விலை. முடி வியாபாரம் செய்யும் ஓர் அம்மாள் 20 டாலர் கொடுத்தாள். டெல்லா இரண்டு மணி நேரம் கடை கடையாக ஏறி இறங்கினாள். 21 டாலருக்கு ஒரு பிளாட்டினச் சங்கிலி கிடைத்தது. கடிகாரத்துக்கு ஏற்ற சங்கிலி. கையில் மிச்சம் 87 சென்ட்.

மாலையில் ஜிம் வந்தான். மனைவியின் தலையைப் பார்த்துத் திகைத்து நின்றான். பிறகு தன் பரிசை எடுத்து மேசைமேல் போட்டான். அவள் பிரித்தாள். உள்ளே சீப்புகள்! ஆமை ஓட்டில் செய்து, ஓரத்தில் கல் பதித்த கொண்டைச் சீப்புகள். பிராட்வே தெருவில் கடைக் கண்ணாடிக்குள் பார்த்துப் பார்த்து அவள் ஏங்கிய அதே சீப்புகள். செருகிக்கொள்ளக் கொண்டை இல்லை.

அவள் சங்கிலியை நீட்டினாள். கடிகாரத்தில் மாட்டிப் பார்க்க ஆசைப்பட்டாள். ஜிம் சாய்ந்து உட்கார்ந்து சிரித்தான். சீப்பு வாங்க அவன் விற்றது அந்தக் கடிகாரத்தைத்தான்!

ஏமாளிகளா?

சொல்லுக்குச் சொல் நேர்ப் பொருளை மட்டும் எடுத்துக்கொள்ளும் ஒருவர் இந்தக் கதையைப் படித்தால் என்ன சொல்வார்? பென்சிலை எடுத்துக் கணக்குப் போடுவார்.

கூந்தல் போயிற்று. கடிகாரம் போயிற்று. வந்தது என்ன? தலைக்கு உதவாத சீப்பு. கடிகாரம் இல்லாத சங்கிலி. "முதல் நாள் இரவே இரண்டு பேரும் கலந்து பேசியிருந்தால் இந்த நஷ்டம் உண்டா? சுத்த ஏமாளிகள்!" என்பார்.

கணக்கில் பிழை இல்லை. கதை எழுதியவரே கடைசியில் அவர்களை அசட்டுக் குழந்தைகள் என்றுதான் குறிப்பிடுகிறார். அவர் அதை மனமாரச் சொல்கிறாரா? அங்கேதான் விஷயம் இருக்கிறது. இதற்கு விடை தெரிய வேண்டுமானால், கதை நெடுக அவர் எதை எதற்கு ஒப்பிட்டுக்கொண்டு வந்தார் என்று பார்க்க வேண்டும்.

அடுப்பங்கரையில் உவமை

உவமை, உருவகம் என்றவுடன் பயப்பட வேண்டாம். அவை பண்டிதர்களின் சொத்து என்று நினைக்கவும் வேண்டாம்.

காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையைப் பார்த்து, "வாடின கீரைத்தண்டு மாதிரி கிடக்கிறானே!" என்கிறாள் தாய். அது உவமை. "மாதிரி" என்ற சொல்லே காட்டிக் கொடுத்துவிடுகிறது.

"அந்தக் கடன்காரன் ஓர் அட்டை. ஒட்டினால் விடமாட்டான்" என்கிறார் தகப்பனார். "போல", "மாதிரி" எதுவும் இல்லை. கடன்காரனையே அட்டை ஆக்கிவிட்டார். அது உருவகம்.

"கல்யாண வேலைக்குப் பத்துக் கை வேண்டும்" என்கிறாள் பாட்டி. கையை மட்டும் யாரும் கழற்றி அனுப்ப மாட்டார்கள். கை என்றது ஆளை. அது ஆகுபெயர்.

பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவர்கள்கூட நாள் முழுவதும் இப்படிப் பேசுகிறார்கள். கேட்கிறவர்களுக்கும் உடனே புரிகிறது. அச்சில் வந்தால் மட்டும் ஏனோ தயக்கம் வந்துவிடுகிறது.

அச்சில் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. ஒரு வாக்கியத்தைப் படித்ததும், "இது உள்ளபடி நடக்குமா?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். கடன்காரன் உண்மையிலேயே அட்டையா? இல்லை. அப்படியானால், அங்கே இரண்டு பொருள்கள் பக்கத்தில் பக்கத்தில் வைக்கப்பட்டிருக்கின்றன. அடுத்தபடி, "எதில் ஒற்றுமை?" என்று கேளுங்கள். அட்டை கறுப்பாக இருக்கும், வழவழப்பாக இருக்கும். அதெல்லாம் இங்கே வேண்டாம். ஒட்டிக்கொள்வதும் உறிஞ்சுவதும்தான் இங்கே வேண்டும்.

இந்த "எதில் ஒற்றுமை" என்ற கேள்வி மிகப் பழைய கேள்வி. தொல்காப்பியத்தில் உவமைக்கென்றே ஓர் இயல் இருக்கிறது. உவமவியல் என்று பெயர். செயல், பயன், வடிவம், நிறம் என்ற நான்கைக்கொண்டு உவமை பிறக்கும் என்று அது வகை செய்கிறது. நியூயார்க் கதாசிரியருக்குத் தொல்காப்பியம் தெரியாது. ஆனாலும், இந்த நாலு படிக்கல்லை வைத்து அவருடைய உவமைகளை நிறுத்துப் பார்க்கலாம். நன்றாகவே நிற்கின்றன.

பழுப்பு அருவி

டெல்லா கூந்தலை அவிழ்க்கும் இடத்தில், அதைப் பழுப்பு நிறத் தண்ணீர் அருவியாக விழுவதற்கு ஒப்பிடுகிறார் ஓ. ஹென்றி. அலை அலையாக விழுவது வடிவம். பழுப்பு, நிறம். பளபளப்பும் சேர்ந்துகொள்கிறது.

தமிழில் எழுதுகிறவர் கை தானாகவே "கார்மேகம் போன்ற கூந்தல்" என்று எழுதிவிடும். இங்கே அது தவறு. டெல்லாவின் முடி கறுப்பு இல்லை. கதையை மொழிபெயர்க்கிறவர்கள் சறுக்கக்கூடிய இடம் இது.

அருவியோடு அவர் நிறுத்தவில்லை. அந்தக் கூந்தல் அவளுக்கு ஓர் ஆடை போலவே ஆகிவிடுகிறது என்கிறார். இதற்குச் சற்று முன்னால், ஒரே தாவாகத் தாவி, கிறிஸ்தவ வேதத்துக்கும் போய்விட்டு வருகிறார்!

வேதத்தில் ஷேபா நாட்டு ராணி என்று ஒருத்தி வருகிறாள். ஒட்டகங்களில் பொன்னும், மணியும், வாசனைத் திரவியங்களும் ஏற்றிக்கொண்டு சாலமோன் ராஜாவைப் பார்க்க வந்தவள். அந்த ராணி எதிர் வீட்டில் குடியிருந்தால், டெல்லா ஈரக் கூந்தலை ஜன்னலில் உலரப் போட்டே ராணியின் நகைகளை மதிப்பு இழக்கச் செய்துவிடுவாளாம். சாலமோன் ராஜா அதே கட்டடத்தின் காவல்காரராக இருந்து, தன் பொக்கிஷத்தை எல்லாம் நிலவறையில் குவித்து வைத்திருந்தாலும், ஜிம் போகும்போதும் வரும்போதும் கடிகாரத்தை எடுத்து மணி பார்ப்பானாம். ராஜா பொறாமையால் தாடியைப் பிய்த்துக்கொள்வாராம்!

இதற்கு உயர்வு நவிற்சி என்று பெயர். நடக்க முடியாத அளவுக்கு உயர்த்திச் சொல்வது. வாரம் 8 டாலர் வாடகை வீட்டில், ராஜாவும் ராணியும் அக்கம்பக்கத்துக் குடித்தனக்காரர்கள்! படிக்கும்போது சிரிப்பு வருகிறது. "கொஞ்சம் அதிகமாகப் போய்விட்டாரோ?" என்று தோன்றவும் தோன்றுகிறது. அவர் வேண்டுமென்றேதான் அவ்வளவு உயரத்துக்கு ஏற்றுகிறார். அடுத்த பக்கத்தில் இறக்க வேண்டுமே!

சுருங்கிய எழுத்துக்கள்

இன்னும் ஒரு நயமான இடம். ஜிம்மின் முழுப் பெயர் ஜேம்ஸ் டில்லிங்ஹாம் யங். வாசலில் பெயர் அட்டை தொங்குகிறது. நல்ல காலத்தில், நடுப் பெயரான டில்லிங்ஹாம் காற்றிலே ஜம்பமாக ஆடியது. வருமானம் 30 டாலரிலிருந்து 20 டாலருக்கு இறங்கியது. உடனே அந்த எழுத்துக்கள் எல்லாம் மங்கிப்போய், "இனி நமக்கு ஏன் இவ்வளவு நீளம்? அடக்கமாக ஒரே எழுத்தாகக் குறுகிவிடலாமா?" என்று யோசிக்கின்றனவாம்.

எழுத்து யோசிக்குமா? யோசிக்காது. யோசிப்பவன் ஜிம். மனிதனுடைய வெட்கத்தை எடுத்து, உயிர் இல்லாத எழுத்தின்மேல் ஏற்றிவிட்டார். "அவர்கள் ஏழைகளாகிவிட்டார்கள்" என்று நேராகச் சொல்லியிருந்தால் இரண்டு சொல்லில் முடிந்திருக்கும். படிக்கிறவர் அடுத்த வரிக்குப் போயிருப்பார். இப்படிச் சொன்னதால், சம்பளம் குறைந்த வீடு எதுவோ, அந்த வீட்டின் வாசல் பலகை கண் முன்னால் வருகிறது.

இறங்கும் உவமைகள்

கூந்தலை விற்றாயிற்று. இனி என்ன உவமைகள் வருகின்றன என்று பாருங்கள்.

கடை கடையாக அலைந்த இரண்டு மணி நேரமும் ரோஜா நிறச் சிறகு கட்டிக்கொண்டு ஓடிப்போனதாகச் சொல்கிறார். சொன்ன கையோடு, "அந்த உருவகத்தை மறந்துவிடுங்கள்" என்ற பாவனையில் தன்னைத் தானே கேலி செய்துகொள்கிறார்! நேரம் சிறகடித்துப் பறப்பது, எல்லாக் கதைகளிலும் பறந்து பறந்து இறகு உதிர்ந்துபோன உருவகம் என்பது அவருக்குத் தெரியும். பத்திரிகைக்கு வாரம் ஒரு கதை எழுதியவர். பழைய சரக்கு எது என்று அவருக்குத் தெரியாதா?

வீட்டுக்கு வந்து, மிச்சம் இருக்கும் குட்டை முடியைச் சுருள் சுருளாகச் செய்துகொள்கிறாள் டெல்லா. இப்போது அவள் எப்படி இருக்கிறாள்? பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்ட சிறுவன் போல இருக்கிறாள்! ராணியைத் தோற்கடிக்க இருந்தவள், சிறுவன் ஆகிவிட்டாள்.

ஜிம் உள்ளே வருகிறான். கதவுப் பக்கத்திலேயே நின்றுவிடுகிறான். காடையின் வாடை பட்ட வேட்டை நாய் போல அசையாமல் நிற்கிறானாம்.

கணவனை நாய்க்கு ஒப்பிடுவதா என்று கோபப்பட வேண்டாம். "எதில் ஒற்றுமை?" என்ற கேள்வியைக் கேளுங்கள். அந்த நாட்டில் பறவை வேட்டைக்கென்று ஒரு ஜாதி நாய் உண்டு. புதரில் பறவை இருப்பதை மோப்பம் பிடித்ததும் அது குரைக்காது, பாயாது. அப்படியே சிலையாகிவிடும். வேட்டைக்காரருக்கு அதுதான் அடையாளம். ஆகவே, இது செயல் உவமை. இன்னும் சரியாகச் சொன்னால், செயலற்று நிற்கும் உவமை. டெல்லா பயந்து நடுங்குகிறாள். அவனுக்குக் கோபமா, வெறுப்பா என்று அவளுக்குப் புரியவில்லை. அந்த உவமையைக் கவனித்தவருக்குப் புரிகிறது. அவன் அவளைவிட்டு விலகவில்லை. அவள்மேல் வைத்த கண்ணை எடுக்க முடியாமல் நிற்கிறான்.

கொஞ்ச நேரத்தில் இன்னொரு பிராணி வருகிறது. தன் பரிசைக் காட்டும் அவசரத்தில் டெல்லா துள்ளி எழுகிறாள். சூடு பட்ட பூனை போலத் துள்ளினாளாம்.

தமிழ் வாசகர்கள் இந்த இடத்தில் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்கு வராது என்பது தமிழ்ப் பழமொழி. நம் பூனை பயந்த பூனை. ஓ. ஹென்றியின் பூனையில் பயத்துக்கு இடமே இல்லை. அந்தத் திடீர்த் துள்ளல் ஒன்றுதான் அவருக்கு வேண்டும். டெல்லா துள்ளியது மகிழ்ச்சியால். ஒரே பூனைதான், ஊருக்கு ஊர் உவமை மாறிவிடுகிறது! பூனையைக் கண்டதும் பயம் என்று எழுதிவிடுகிற மாணவன் பரீட்சையில் தோற்றுப்போவான்.

ராணி, ராஜா, அருவி, ஆடை என்று உயரத்தில் இருந்த உவமைகள், சிறுவன், நாய், பூனை என்று படிப்படியாக இறங்கிவிட்டன. வீட்டில் இருந்த இரண்டு பொக்கிஷங்களும் போனதைப் போலவே, கதையில் இருந்த பெரிய பெரிய ஒப்புமைகளும் போய்விட்டன. கதை எழுதியவர் இதை எங்கும் வாய்விட்டுச் சொல்லவில்லை. எடுத்து வரிசையாக வைத்தால்தான் தெரிகிறது.

நேர்ச் சொல்

உணர்ச்சி உச்சத்துக்குப் போகும் இடத்தில் என்ன உவமை வருகிறது? எதுவும் இல்லை!

கடிகாரத்தை விற்றுவிட்டேன் என்று ஜிம் சொல்லும் பேச்சில் உவமையும் இல்லை, உருவகமும் இல்லை. பரிசுகளைக் கொஞ்ச நாள் எடுத்து வைப்போம் என்கிறான். இறைச்சியை அடுப்பில் வைக்கச் சொல்கிறான். சாப்பாட்டுப் பேச்சு! துக்க வீட்டில், "எழுந்து ஒரு வாய் காப்பி சாப்பிடுங்கள்" என்று சொல்வார்களே, அந்த மாதிரிப் பேச்சு. கதை முழுவதும் விளையாடிக்கொண்டு வந்த பேனா, இந்த இடத்தில் விளையாட்டை நிறுத்திக்கொள்கிறது. உவமையை எங்கே போட வேண்டும் என்று தெரிந்தவர்கள் நிறையப் பேர். எங்கே போடக்கூடாது என்று தெரிந்தவர்கள் கொஞ்சம்தான்.

யார் அந்த ஞானியர்?

கதையின் தலைப்பை இனிமேல்தான் பார்க்க வேண்டும்.

ஏசுநாதர் பிறந்தபோது, கிழக்கிலிருந்து ஞானிகள் நட்சத்திரத்தைப் பார்த்து வழி கண்டு வந்தார்கள் என்று மத்தேயு எழுதிய சுவிசேஷம் சொல்கிறது. பொன், தூபவர்க்கம், வெள்ளைப்போளம் ஆகியவற்றைக் குழந்தைக்குக் காணிக்கையாகக் கொடுத்தார்கள். கிறிஸ்துமஸ் சமயத்தில் பரிசு கொடுக்கும் வழக்கத்தை அவர்கள்தான் கண்டுபிடித்தார்கள் என்று வேடிக்கையாகச் சொல்கிறார் ஓ. ஹென்றி. அவர்கள் ஞானிகள் அல்லவா? அவர்களுடைய பரிசும் ஞானமான பரிசாகத்தான் இருந்திருக்கும். இரட்டிப்பாக வந்துவிட்டால் மாற்றிக்கொள்ளக்கூட வசதி இருந்திருக்கும் என்றும் ஒரு குறும்பு செய்கிறார்.

பிறகு ஜிம்மையும் டெல்லாவையும் காட்டி, வீட்டிலுள்ள மிகப் பெரிய பொக்கிஷங்களை ஒருவருக்காக ஒருவர் இழந்துவிட்ட அசட்டுக் குழந்தைகள் என்கிறார். அடுத்த மூச்சிலேயே, பரிசு கொடுத்த எல்லோரிலும் இவர்கள்தான் மிகுந்த ஞானம் உள்ளவர்கள் என்கிறார்.

தமிழ் அணி இலக்கணத்தில் இதற்குச் சரியான பெயர் இருக்கிறது. வஞ்சப் புகழ்ச்சி! புகழ்வதுபோல இகழ்வது ஒரு வகை. இகழ்வதுபோலப் புகழ்வது இன்னொரு வகை. "இந்தக் கிழவிக்குப் புத்தியே கிடையாது; வீட்டில் இருக்கும் சோற்றை எல்லாம் பசித்து வந்தவனுக்குப் போட்டுவிட்டுத் தண்ணீரைக் குடித்துவிட்டுப் படுத்துவிடுவாள்" என்று ஊரார் பேசினால், அது வசவு ஆகுமா? ஓ. ஹென்றியின் "அசடு" அந்த ஜாதியைச் சேர்ந்தது. பென்சிலும் கையுமாக உட்கார்ந்திருப்பவர், அதை வசவாகவே எழுதிக்கொண்டு போய்விடுவார்.

கதையின் கடைசிச் சொற்கள் அதற்கும் மேலே போகின்றன. "ஞானியர் போன்றவர்கள்" என்று அவர் எழுதவில்லை. "போல" என்ற சொல்லை அங்கே அவர் தொடவே இல்லை. இந்த இருவரும்தான் ஞானியர் என்று முடித்துவிடுகிறார். உவமையாக ஓடி வந்த கதை, உருவகத்தில் வந்து நிற்கிறது.

ராணியை வெல்வாள் என்று சொன்னபோது அது வேடிக்கை. சிறுவன் போல், நாய் போல், பூனை போல் என்றபோதும் வேடிக்கை. கடைசி ஒப்புமையில் வேடிக்கை இல்லை. கூந்தலும் கடிகாரமும் வீட்டில் இருந்த காலத்தில் அவர்களை ராஜா, ராணிகளோடு போட்டிக்கு நிறுத்தினார். இரண்டும் போன பிறகு, அந்த ராஜாக்களையும் தாண்டி மேலே கொண்டுபோய் வைத்துவிட்டார்!

இந்த ஒரு சொல் நழுவிவிட்டால், தலைப்பும் நழுவிவிடும். அப்புறம் சீப்பும் சங்கிலியும்தான் பரிசு என்று நினைத்துக்கொண்டு புத்தகத்தை மூட வேண்டியதுதான்.

எழுதியவர் கதை

ஓ. ஹென்றி என்பது புனைபெயர். வில்லியம் சிட்னி போர்ட்டர் என்பது சொந்தப் பெயர். 1862-ஆம் ஆண்டில் பிறந்தார். டெக்சாஸ் மாநிலத்தில் ஆஸ்டின் நகரத்து பாங்கு ஒன்றில் வேலை பார்த்தார். பணம் கையாடியதாக அவர்மேல் வழக்கு வந்தது. விசாரணைக்குப் போகாமல், மத்திய அமெரிக்காவிலுள்ள ஹோண்டுராஸ் நாட்டுக்கு ஓடிவிட்டார். அவர் மனைவி ஆத்தோலுக்குக் காசநோய்.

அவர் அங்கே இருந்தபோது கிறிஸ்துமஸ் வந்தது. படுத்த படுக்கையாக இருந்த ஆத்தோல், கையாலேயே ஒரு சரிகைப் பின்னல் கைக்குட்டை செய்து, அதை 25 டாலருக்கு விற்று, அந்தப் பணத்தில் கணவனுக்குப் பரிசுப் பெட்டி அனுப்பினார் என்று அவருடைய வாழ்க்கை வரலாறு சொல்கிறது. மனைவி பிழைக்க மாட்டாள் என்ற செய்தி எட்டியதும் போர்ட்டர் ஊர் திரும்பினார். 1897-ஆம் ஆண்டு ஜூலை மாதம் ஆத்தோல் இறந்தார். மறு ஆண்டில் போர்ட்டர் ஒஹையோ மாநிலச் சிறைக்குப் போனார். மூன்று ஆண்டுகளுக்குச் சற்று அதிகமாக உள்ளே இருந்தார். 1901-ல் விடுதலை ஆனார். அடுத்த ஆண்டு நியூயார்க் வந்து சேர்ந்தார்.

அந்தக் கைக்குட்டையிலிருந்துதான் டெல்லாவின் கூந்தல் பிறந்தது என்று சொல்லிவிட முடியாது. ஆனால், ஒன்றை விற்று ஒன்றை வாங்கி அனுப்பும் அன்பை அவர் காகிதத்தில் மட்டும் கண்டவர் அல்ல.

"நியூயார்க் ஒர்ல்டு" பத்திரிகை அவருக்கு ஒரு கதைக்கு 100 டாலர் கொடுத்தது. ஜிம்முக்கு அது 5 வாரச் சம்பளம்! அந்தக் கதைகளில் பல, "தி போர் மில்லியன்" என்ற புத்தகமாக 1906-ல் வந்தன. "ஞானியரின் பரிசு" அதில் சேர்ந்தது. போர் மில்லியன் என்றால் 40 லட்சம். நியூயார்க்கில் மதிக்கத்தக்க மனிதர்கள் 400 பேர்தான் என்று பணக்கார வட்டாரத்தில் ஒருவர் சொல்லியிருந்தார். அதற்குப் பதிலாக, ஊரிலுள்ள 40 லட்சம் பேரும் மனிதர்கள்தான் என்று ஓ. ஹென்றி புத்தகத்துக்குப் பெயர் வைத்தார். எண்ணைச் சொல்லி ஆட்களைக் குறிப்பது எண்ணலளவை ஆகுபெயர். பள்ளிக்கூடத்தில் நெட்டுருப் போட்டுப் படித்த அந்தப் பெயருக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது கஷ்டம். 1910-ஆம் ஆண்டு ஜூன் மாதம், 47 வயதில் அவர் இறந்துபோனார்.

சாம்பல் பூனை

கதையில் இன்னும் ஒரு பூனை இருக்கிறது. கடைசியாக அதையும் பார்த்துவிடலாம்.

1 டாலர் 87 சென்ட்டை எண்ணி அழுது முடித்த டெல்லா, ஜன்னல் ஓரம் போய் நிற்கிறாள். வெளியே ஒரு கொல்லைப்புறம் தெரிகிறது. அங்கே ஒரு வேலி. வேலிமேல் ஒரு பூனை நடக்கிறது. கொல்லை சாம்பல் நிறம். வேலி சாம்பல் நிறம். பூனையும் சாம்பல் நிறம்.

இங்கே "போல" இல்லை. எதையும் எதற்கும் ஒப்பிடவில்லை. "இது உள்ளபடி நடக்குமா?" என்று கேட்டால், தாராளமாக நடக்கும். நியூயார்க்கில் சாம்பல் நிறப் பூனைக்குப் பஞ்சமா? ஆகவே, இது உவமை இல்லை, உருவகமும் இல்லை. வெறும் பூனை.

ஆனால், மூன்று தடவை அந்த நிறத்தை அடுக்கி அடுக்கிச் சொல்ல வேண்டிய அவசியம் என்ன? அவள் வேறு நிறம் எதையும் பார்க்கும் நிலையில் இல்லை. பண்டிகைக்கு முதல் நாள். கையில் காசு இல்லை. அவள் மனத்தின் நிறம் வெளியே போய் வேலியிலும் பூனையிலும் படிந்துவிட்டது. சங்கப் பாட்டு படித்தவர்கள் இதை உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள். மரத்தையும், பறவையையும், கடற்கரையையும் சொல்லிவிட்டு, தலைவியின் மனத்தைச் சொல்லாமல் உணர்த்தும் வழக்கம் தமிழில் பழையது.

வீட்டில் பிள்ளைகள் பள்ளிக்கூடக் கதைப் புத்தகத்தைப் படித்துக்கொண்டிருந்தால், "போல" வரும் இடங்களை அவர்களே கோடு போட்டுவிடுவார்கள். இந்த மாதிரிப் பூனைகளைத்தான் பெரியவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து காட்ட வேண்டியிருக்கும்.

டெல்லா அதற்குப் பிறகு ஜன்னல் பக்கம் போகவில்லை. கதை முடியும் வரையில் அந்தச் சாம்பல் பூனையும் திரும்பி வரவில்லை.